ஒரே நாளில் பிறந்த கைகள்

காசிமேட்டில் ஒரு குத்துச்சண்டைச் சங்கம் இருந்தது. அங்கே பெருக்கித் துடைக்கிற எஸ்தர், ஆளில்லாத நேரத்தில் இரண்டு வருடமாக அங்கே தொங்கும் மணல்மூட்டையைக் குத்திப் பழகியிருந்தாள். போட்டிக்குப் பெயர் கொடுக்க அவள் வந்தபோது, வலக்கைக் குத்துக்குப் பேர்போன தலைவர் தணிகாசலம் சிரித்தார்.

"குத்துல பலம் பிறவியிலேயே இருக்கணும். பழகினா வரும்னா இப்பவே நிரூபி. முடியலேன்னா நாளையிலேர்ந்து பெருக்கவும் வராதே."

வேலையும் போய்விடுமே என்று பயந்தாலும் எஸ்தர் பின்வாங்கவில்லை.

"ஐயா, நீங்களே வலது கையால மூட்டையை ஒரு குத்து குத்துங்க," என்றாள்.

குத்தினார். மூட்டை சுவரில் மோதித் திரும்பியது.

"இப்ப இடது கையால."

அதுவும் பறந்தால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். தலைவர் ஓங்கிக் குத்தினார். மூட்டை லேசாக ஆடி நின்றது.

"ரெண்டு கையும் ஒரே நாள்லதானே ஐயா பிறந்துச்சு?"

"இடது கையை நான் பழக்கவே இல்லையே," என்றார் தலைவர் அவசரமாக.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. சுற்றி நின்ற வீரர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் பேனாவை எடுத்து எஸ்தரின் பெயரை எழுதினார்.