பன்றிக்குப் பிடித்த தடிக்கட்டை

மரம் வெட்டுகிறவர்கள் வந்துபோன ஒரு காட்டில் கரடியும் காட்டுப்பன்றியும் முயலும் அடுத்தடுத்து வசித்தன. கரடி எதையும் முறையாகச் செய்யும். பன்றிக்கு எதிலும் அவசரம். முயலோ யார் எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்று தலையாட்டும்.

மழைக்காலம் வந்தால் கரடியின் குகையில் தீ மூட்டி எல்லோரும் குளிர்காய்வார்கள். அந்த ஆண்டு பன்றிக்கும் முயலுக்கும் புதிதாகக் குட்டிகள் பிறந்திருந்தன. அதனால் விறகு நிறையவே தேவைப்பட்டது.

விறகுக்குப் பஞ்சமில்லை, குழந்தைகளே. மனிதர்கள் அடிமரங்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உச்சிக்கிளைகளை மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தள்ளியிருந்தார்கள். அவை வெயிலில் காய்ந்து, குகை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

ஒரு நாள் காலையில் மேற்கே மேகம் கறுத்தது. மூவரும் சரிவுக்கு ஓடினார்கள்.

"மேலே கிடப்பதை முதலில் எடுப்போம்," என்றது கரடி. "நான் ஒவ்வொன்றாக இறக்குகிறேன். பன்றித் தம்பி, நீ ஒடித்துப் போடு. முயலே, நீ கட்டு."

"ஆமாம், அதுதான் சரி," என்றது முயல்.

பன்றியின் கண்ணோ குவியலின் அடியில் இருந்தது. அங்கே ஒரு தடித்த கட்டை தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தச் சுள்ளிகளை எவ்வளவு நேரம் பொறுக்குவது? அடியில் பாருங்கள், எவ்வளவு பெரிய கட்டை! அது ஒன்றே போதுமே!"

"ஆமாம், அது ஒன்றே போதும்," என்றது முயல்.

"போதாது!" என்றது கரடி. "அது மண்ணில் கிடந்து ஈரம் குடித்த கட்டை. இந்தக் குவியல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அதைத் தொடாதே!"

"சரி, சரி," என்றது பன்றி.

கரடி நாலைந்து கிளைகளை இறக்கிக் கட்டாக அடுக்கியது. திரும்பிப் பார்த்தால், பன்றி அந்தத் தடிக்கட்டையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது! குவியல் ஆடியது. மேலிருந்து ஒரு கிளை உருண்டு வந்து, கரடி அடுக்கியதையெல்லாம் சரிவில் சிதறடித்தது.

"என்ன தம்பி இது?"

"கொஞ்சம் அசைத்துத்தான் பார்த்தேன், அக்கா."

கரடி பெருமூச்சு விட்டது. சரிவில் இறங்கி, சிதறியதைப் பொறுக்கி, மறுபடி அடுக்கியது. அடுக்கி நிமிர்ந்தால், பன்றி மறுபடியும் கட்டையைக் கவ்விக்கொண்டு நின்றது.

"உனக்குக் காது இருக்கிறதா, இல்லையா?" என்று கத்தியது கரடி. "மழை வருகிறது. குட்டிகள் குளிரில் நடுங்கப் போகின்றன. உன் குட்டிகள்!"

"அதனால்தானே அவசரப்படுகிறேன்!" என்றது பன்றி.

கரடி விறகில் ஒரு கட்டு எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டது. "இதைக் குகையில் வைத்துவிட்டு வருகிறேன். அதுவரை எதையும் தொடாதீர்கள். முயலே, பார்த்துக்கொள்."

"ஆமாம் அக்கா," என்றது முயல்.

கரடியின் முதுகு மறைந்ததும் பன்றி சொன்னது: "அக்கா வருவதற்குள் இதை உருவிவிட்டால் வேலை முடிந்தது."

"ஆமாம், முடிந்தது," என்றது முயல்.

பன்றி நான்கு கால்களையும் ஊன்றி முழுபலத்தோடு இழுத்தது. கட்டை உருவிக்கொண்டு வந்தது. அடுத்த கணம், அது தாங்கியிருந்த குவியல் முழுவதும் 'மடமட'வென்று பன்றியின் மேலேயே சரிந்தது.

பன்றியின் அலறல் கேட்டுக் கரடி ஓடி வந்தது. கிளைகளுக்கு நடுவே பன்றியின் மூக்கும் ஒரு காலும் மட்டும் தெரிந்தன.

"ஐயோ, மூச்சு முட்டுகிறது! காலைப் பிடித்துச் சட்டென்று இழுங்கள்!"

"ஆமாம், இழுப்போம்!" என்றது முயல்.

"வாயை மூடு!" என்று முயலை அதட்டியது கரடி. "இழுத்தால் மிச்சமும் இவன் நெஞ்சில் இறங்கும். மேலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக!"

கரடி கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கியது. முயல் அவற்றை இழுத்துப் போட்டது. பாதி எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விறகை மூடிவைக்க யாருக்கும் நேரமில்லை. கண்ணெதிரே எல்லாம் ஊறின. கரடிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் கை நிற்கவில்லை.

மாலையில்தான் பன்றி வெளியே வந்தது. ஒரு கால் வீங்கியிருந்தது. சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அது கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கட்டை எங்கே?"

கரடி பன்றியைத் தாங்கிப் பிடித்துக் குகைக்கு அழைத்துப் போனது.

குகையில் இருந்தது, கரடி முன்பே கொண்டுவந்து வைத்த ஒரே ஒரு கட்டு விறகு. மழை ஓயும்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கரடி இரண்டு சுள்ளிகளை மட்டும் எடுத்து மூட்டியது. உள்ளங்கை அளவு தீயைச் சுற்றிப் பன்றிக்குட்டிகளும் முயல்குட்டிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுங்கின.

அதைப் பார்த்த பன்றி மெல்லத் தொடங்கியது: "அந்தத் தடிக்கட்டையை மட்டும் கொண்டுவந்திருந்தால், அக்கா..."

"தம்பி," என்றது கரடி, "வாயைத் திறப்பதென்றால் இந்தத் தீயை ஊதுவதற்குத் திற!"

பன்றி குட்டிகளைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து ஊதத் தொடங்கியது.

நீதி: முறையாகச் செய்ய வேண்டிய வேலையில் அவசரப்படுகிறவன், உடன் உழைப்பவர்களின் உழைப்பையும் சேர்த்தே வீணாக்குகிறான்.