பெயர் இல்லாத ரத்தம்

"பேர் இல்லாத ரத்தத்தை வெச்சுக்கிட்டு நான் என்னங்க டீச்சர் பண்றது?" என்று கேட்டார் குழந்தைவேலு.

ரெஜினா டீச்சர் இன்னொரு குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதன் மேல் ஓர் எண் மட்டும் இருந்தது.

சங்ககிரிப் பக்கம், லாரிகள் நிற்கிற மைதானத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஓட்டுநர்களின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்வார்கள். லேப் இல்லை, பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு மேஜை, ஒரு டைமர், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் அட்டை. அந்த அட்டையைப் படிக்கக் கற்றுத்தர வந்தவர் டீச்சர். கற்றுக்கொள்ள வந்த குழந்தைவேலு டீச்சரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். குஜராத் வரைக்கும் லாரி ஓட்டி, முதுகு போனதால் ஸ்டீயரிங்கை விட்டவர்.

"எனக்கு ஆளுங்களைத் தெரியுமுங்க. டிரைவர் மூஞ்சியைப் பாத்தாலே எவனுக்கு இருக்கும், எவனுக்கு இருக்காதுன்னு சொல்லிப்போடுவேன். ரத்தம் பேசறதுக்கு முந்தியே மூஞ்சி பேசிருமுங்க."

டீச்சர் குப்பியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதோட மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கண்ணா."

குழந்தைவேலு சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

சரியென்று அவர் ஒரு சொட்டை அட்டையில் விட்டார். மேலே மருந்துச் சொட்டை விட்டார். டைமரை முடுக்கினார். இளஞ்சிவப்பாக ஈரம் மெல்ல ஏறியது. வெறும் வெள்ளையாய்க் கிடந்த இடத்தில், யாரும் வரையாமல் ஒரு கோடு எழுந்து வந்தது.

அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"இந்தக் கோடு எல்லாத்துக்கும் வருங்களா?"

"எல்லாருக்கும் வரும். வரலைன்னா சோதனையே நடக்கலைன்னு அர்த்தம். அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கணும்."

"ரெண்டாவது கோடு?"

"அது வந்தா எச்.ஐ.வி. இருக்கலாம். வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

டைமர் அடித்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இல்லைங்க."

"வெளிச்சத்துல பாருங்க."

"நெழலாட்டம் ஏதோ இருக்குதுங்க."

"நெழலா, கோடா?"

"கோடுன்னு சொல்லிப்போட்டா ஒரு குடும்பமே…"

"குடும்பத்தைக் கேக்கல. கோட்டைக் கேட்டேன்."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"கோடுங்க."

டீச்சர் அடுத்த குப்பியை எடுத்து வைத்தார்.

பிறகு குழந்தைவேலு தனியாகவே அந்த மேஜையில் உட்கார்ந்தார். ஓட்டுநர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இங்கே கோடு தெரிந்தால் அதுவே முடிவு இல்லை, பெரியாஸ்பத்திரியில் வேறு வேறு விதமாக மறுபடியும் பார்த்துத்தான் சொல்வார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்வார். ஆனாலும் டீச்சர் அவ்வப்போது பெயரில்லாத குப்பிகளோடு வந்து நிற்பார்.

"இன்னும் என்னை நம்பலீங்களா டீச்சர்?"

"நம்பறேண்ணா" என்பார் டீச்சர். குப்பியை மேஜையில் வைப்பார்.

அப்படி டீச்சர் வந்திருந்த ஒரு நாள் சென்னியப்பன் உள்ளே வந்தான். குழந்தைவேலுவின் மகள் கோகிலாவைக் கட்டியவன். லோடு இறக்கிவிட்டு, கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்திருந்தான்.

"மாமா கையால குத்துனா வலிக்காதுன்னு ஊரே சொல்லுது" என்றான்.

டீச்சர் அவனைத் தனியாக அழைத்துப் போனார். "சொந்தக்காரர் பாக்க வேண்டாம்னா நான் பாக்கறேன். உங்க இஷ்டம்."

"மாமனே பாக்கட்டுங்க. எனக்கென்ன ஒளிவு மறைவு?"

நான்கு பேருக்கும் விரலில் குத்தி, நான்கு அட்டைகளையும் வரிசையாக வைத்தார் குழந்தைவேலு. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. ஆட்கள் வெளியே டீக்கடைக்குப் போனார்கள்.

டைமர் அடித்ததும் அவர் கை முதலில் மருமகன் அட்டைக்குத்தான் போனது. மேல் கோடு பளிச்சென்று இருந்தது. கீழே சுத்த வெள்ளை.

"ஒண்ணுமில்லைங்க டீச்சர்." அவர் குரலில் அத்தனை நிம்மதி.

டீச்சர் அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"அட்டையை வெச்சுட்டுக் கண்ணை மூடுங்கண்ணா."

மூடினார். மேஜைமேல் பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டது.

"திறங்க. டைமர் அடிச்சாலும் படிக்கறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. வரிசையாப் படிங்க."

எது யாருடையது என்று தெரியவில்லை. நான்கும் ஒன்றுபோலவே கிடந்தன. அவர் இடப்பக்கமிருந்து ஆரம்பித்தார்.

"இல்லைங்க. இதுவும் இல்லைங்க. இது… மங்கலாத்தான் இருக்குது. ஆனாக் கோடுங்க. கடைசிது இல்லைங்க."

"கோடு இருக்கறதைத் திருப்புங்க."

திருப்பினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தினார். கோடு அங்கேயே இருந்தது. இப்போது அதைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை.

வெளியே ஒரு லாரி உறுமிக் கிளம்பிப் போனது.

"நான் பொய் சொல்லலைங்க டீச்சர். நெசமாலுமே அப்பத் தெரியலைங்க."

"தெரியும்ண்ணா."

"இதே கண்ணுதானுங்களே!"

"இதே கண்ணுதான்."

அவர் அந்த அட்டையை, தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல மேஜைமேல் வைத்தார்.

"நான் சொல்லட்டுமா அவர்கிட்ட?" என்று டீச்சர் கேட்டார்.

"வேண்டாமுங்க. என்னை நம்பித்தான் விரலை நீட்டுனாரு."

டீச்சர் சென்னியப்பனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். குழந்தைவேலு அவனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரு கோடு தெரியுதுங்க மாப்பிள்ளை. முடிவு இங்க இல்லை. பெரியாஸ்பத்திரில மறுபடி பாப்பாங்க. நானும் கூட வாறேன். இருந்தாலும் மாத்திரை இருக்குது. ஒழுங்கா முழுங்கினா நல்லாயிருக்கலாம்."

சென்னியப்பன் கையோடு கொண்டுவந்த டீ கிளாஸைத் தரையில் வைத்தான். பிறகு கேட்டான்:

"கோகிலாகிட்டச் சொல்லிப்போடுவீங்களா மாமா?"

குழந்தைவேலுவுக்கு அவள் பெற்ற மகள். வாயைத் திறந்தால் போதும்.

"என் வாயிலிருந்து வராதுங்க. ஆனா நீங்க சொல்லோணும். சீக்கிரம் சொல்லோணும். அவளும் பாத்துக்கோணுமில்லைங்களா?"

பெரியாஸ்பத்திரியில் வேறு வேறு அட்டைகளும் அதையே சொல்லின. அன்றே மாத்திரை கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அவன் வீட்டில் சொன்னான். கோகிலா கத்தினாள், அழுதாள், சாப்பாட்டுத் தட்டை விசிறி எறிந்தாள். மறுநாள் தானாகவே புடவை மாற்றிக்கொண்டு அப்பாவிடம் வந்து, "எனக்கும் பாத்துரலாம்" என்றாள்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார் குழந்தைவேலு. டீச்சரும் வந்திருந்தார். கோகிலாவின் கையில் ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் குப்பியின் மேல் ஓர் எண்ணை ஒட்டிக் கொண்டுபோனார். உள் அறையின் கதவு மூடியது.

கோகிலாவுக்கு இல்லை என்று தெரிந்தது அதற்கப்புறம்தான். சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லிப் பார்த்தபோதும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் சற்றுத் தள்ளி நின்றான்.

குழந்தைவேலு எழுந்து அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார்.

உள்ளே யாரோ ஒருவர். கோகிலாவை ஒருநாளும் பார்த்திராதவர். அவள் யார் மகள், யார் பெண்டாட்டி, எப்படிச் சிரிப்பாள் என்று எதுவும் அறியாதவர். வெளிச்சத்தில் குனிந்து, அவளுடைய ஒரு சொட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

குழந்தைவேலு செருப்பைக் கழற்றினார். மூடிய கதவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ளே யாருண்ணா?"

"தெரியாதுங்க டீச்சர்" என்றார் குழந்தைவேலு. "அதுக்குத்தான் கும்பிடறேன்."