தணிகாசலம் விட்ட கட்டை

முதலில் தணிகாசலத்தின் மீசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு முனை வில்லிவாக்கத்தில் ஏறினால் மறுமுனை கொரட்டூரில் இறங்கும். அந்த மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு அவர் பதினைந்து பவுண்டு பந்தைக் கையில் எடுத்தால், அறுபதடிக்கு அப்பால் நிற்கும் பத்துக் கட்டைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ஒருமுறை பந்து போய்ச் சேரும் முன்பே இரண்டு கட்டைகள் படுத்துவிட்டனவாம். பயத்தில் விழுந்ததெல்லாம் செல்லாது என்று நடுவர் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் அவற்றை இங்கிலீஷில் 'பின்' என்பார்கள். தணிகாசலத்துக்குக் கட்டைதான்.

பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங்தான் அவருக்குத் தொழில். சென்னை, பெங்களூர், மும்பை, எங்கே போட்டி என்றாலும் மூன்று பந்துகளைச் சக்கரப் பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவார். இப்படிப் பத்தொன்பது வருஷம். ஆறு தடவை மாநில இறுதி ஆட்டம் வரை போனார். ஆறு தடவையும் இரண்டாவது இடம். வீட்டு அலமாரியில் வெள்ளிக் கோப்பைகளாக நிற்கும்.

"தங்கம் ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்பவர்களிடம், "தங்கம் விக்கிற விலையில நமக்கு எதுக்குங்க?" என்பார். சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் அந்த அலமாரிப் பக்கம் பார்க்க மாட்டார்.

சிஷ்யருக்கு வயது நாற்பத்தேழு. குருவுக்கு முப்பத்திரண்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண். இடது கைக்காரி. எட்டு வருஷமாக மாநிலத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறாவது வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டே தணிகாசலம் அவள் முன்னால் போய் நின்றார்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்னத்தை?"

"ஜெயிக்கிறதுக்கு."

"அது எனக்கே தெரியாது, அண்ணாச்சி. பந்து போடத் தெரியும். அது போதுமா?"

அன்றைக்கு அவர் வேடிக்கையாகத்தான் "சரிங்க குருவே" என்றார். இரண்டு மாதத்தில் வேடிக்கை போய்விட்டது. 'குருவே' மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வருஷம் மாநிலக் கோப்பையை ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒன்றாக வைத்தார்கள். பெண்களுக்கு ஆட்டத்துக்கு எட்டுக் கட்டை சலுகை. வீழ்த்தாமலே எட்டு கணக்கில் ஏறிவிடும். விண்ணப்பத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் ஜெசிந்தா 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"எல்லாரும் வாங்கிக்கிறாங்க, மேடம்" என்றார் போட்டி நடத்துகிறவர்.

"வாங்கிக்கட்டும்" என்றாள்.

அரையிறுதியில் ஜெசிந்தா ஜெயித்தாள். இன்னொரு அரையிறுதியில் தணிகாசலம் மாசிலாமணியை ஜெயித்தார். ஆக, குருவும் சிஷ்யரும் நேருக்கு நேர். இடையில் ஒரு மணி நேரம் இருந்தது.

தோற்ற மாசிலாமணி சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னய்யா, வாத்தியாரம்மாவையே அடிக்கப் போறியா?"

"ஆட்டம்னா ஆட்டம்தான்."

"அடி, அடி. குருவை ஜெயிச்ச சிஷ்யனை ஊர்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, தெரியும்ல?"

"என்ன பேரு?"

"பேரே கிடையாது. 'அந்த ஆளு'ம்பாங்க. அவ்வளவுதான்."

டீ ஆறிப்போயிற்று. தணிகாசலம் எழுந்து குருவைத் தேடிப் போனார்.

ஜெசிந்தா கட்டைவிரலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"குருவும் சிஷ்யனும் எதிரெதிரா நின்னா, சிஷ்யன் என்ன செய்யணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எந்த லேன் குடுத்திருக்காங்க?"

"எட்டு."

"காலையில இருந்து ஆடின லேன். உங்க பக்கம் எண்ணெய் காஞ்சிருக்கும். இடது பக்கமா ரெண்டு பலகை தள்ளி நின்னு போடுங்க."

பந்து ஓடுகிற பலகைப் பாதைதான் லேன்; அதன் மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரும். எண்ணெய் குறையக் குறையப் பந்து சீக்கிரமே திரும்பிவிடும். எங்கே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் வித்தை. எதிராளிக்கு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

"நான் அதைக் கேக்கல, குருவே."

"நான் அதைத்தான் சொல்லுதேன்."

குரு கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றுகிறாள் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார். பெரிய மீசை வைத்திருப்பவர்களுக்கு இப்படிச் சிலது தோன்றும்.

இறுதி ஆட்டம் தொடங்கியது. ஒரே ஆட்டம், பத்துக் கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு பந்து. தணிகாசலம் இரண்டு பலகை தள்ளி நின்றே போட்டார். பந்து ஓரமாகவே போய், இனி லேன் ஓரத்து வாய்க்காலில்தான் விழும் என்று பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டும் நேரத்தில், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் திரும்புகிற மாதிரி ஒரு திரும்பு திரும்பி நடுவில் புகுந்தது. அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் பந்து இடது ஓரத்திலிருந்து வந்தது. சத்தமே இல்லை. கட்டைகள் விழுகிற சத்தம் மட்டும்தான்.

ஒன்பதாம் கட்டத்தில் இருவருக்குமே ஆளுக்கு இரண்டு கட்டைகள் இரு கோடியில் பிரிந்து நின்று பல்லிளித்தன. எடுக்க முடியவில்லை. திரையில் இருவருக்கும் ஒரே எண். நூற்றுத் தொண்ணூற்றாறு.

பத்தாவது கட்டம். தணிகாசலம் முதலில் போட வேண்டும்.

முதல் பந்தில் ஒன்பது விழுந்தது. வலது மூலையில் ஒரு கட்டை நின்றது.

அந்த மூலைக் கட்டையைத் தணிகாசலம் தூக்கத்தில் புரண்டு படுக்கிற வாக்கில் தட்டிவிடுவார். நாலு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவிட்டதில்லை. அதைத் தட்டினால் இன்னொரு பந்தும் கிடைக்கும். ஏழாவது தடவையாகத் தங்கம் கையெட்டும் தூரத்தில் நின்றது.

பந்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே யோசித்தார். நாலு வருஷமாக இந்தப் பெண் நம்மிடம் ஒரு தட்சிணையும் கேட்டதில்லை. ஆறு வெள்ளியோடு ஏழாவது நின்றால் அலமாரி ஒன்றும் சரிந்துவிடாது. எட்டு வருஷமாகத் தோற்காதவள், நம் கையாலா தோற்க வேண்டும்?

இப்படி நினைத்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் கண்ணுக்கே அவர் ஒரு சாண் உயர்ந்து தெரிந்தார்.

போட்டார். பந்து கட்டைக்கு இடப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளிப் போயிற்று. கட்டை அசையவில்லை.

இருநூற்றைந்து.

கூடம் முழுக்க 'ச்ச' என்றது. தணிகாசலம் தலையில் கை வைத்தார், துண்டால் முகத்தைப் பொத்தினார், பெருமூச்சு விட்டார். அன்றைக்கு நடிப்புக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தால் அதை அவருக்கே கொடுத்திருப்பார்கள். மாசிலாமணி மட்டும் தூரத்திலிருந்து கண்ணடித்தார்.

ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த அந்தக் கட்டையைப் பார்த்தாள். இயந்திரக் கை இறங்கி அதைக் கூட்டிக்கொண்டு போகும்வரை பார்த்தாள். பிறகு தணிகாசலத்தின் வலது கையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பத்தும் விழுந்தால் கோப்பை. ஒன்பது என்றால் சமன்.

பந்தை எடுத்தாள். போட்டாள். ஒன்பது விழுந்தது. ஒன்று நின்றது.

எது நின்றது? வலது மூலைக் கட்டை. இடது கைக்காரர்களுக்கு அந்தக் கட்டை நிற்பது அமாவாசையில் நிலா வருகிற மாதிரி. தற்செயல் என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

இன்னும் ஒரு பந்து. ஒற்றைக் கட்டை. அதைத் தட்டினால் முடிந்தது.

அவள் கோட்டருகே வெகுநேரம் நின்றாள். ஒரே ஒரு தடவை திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

பந்து கட்டைக்கு இடப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளிப் போயிற்று. அவர் விட்ட அதே பக்கம், அதே இடைவெளி. அளவுகோல் வைத்து அளந்தவர்கள் உண்டு. நம்பாதவர்களுக்கு அந்த அளவுகோலையே எடுத்துக் காட்ட ஒருவர் பெரம்பூரில் இருக்கிறார்.

இருநூற்றைந்து.

கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவருக்கு மட்டும் புரிந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது.

நடுவர் எழுந்து சொன்னார்: ஆளுக்கு ஒரு பந்து. அதிகம் வீழ்த்தியவருக்கு ஜெயம். சமன் என்றால் மறுபடியும் ஒரு பந்து. ஐந்து நிமிடம் இடைவேளை.

ஜெசிந்தா வந்து தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"குருவே, நீங்க வேணும்னேதானே..."

"நீங்க?"

அவர் துண்டை மடித்துப் பிரித்தார்.

"உங்க காலடியில வைக்கணும்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"வெச்சீங்க. பார்த்தேன்."

"தப்பா, குருவே?"

"எட்டுக் கட்டை வேண்டாம்னு எழுதிக் குடுத்தவளுக்கு ஒத்தைக் கட்டை குடுக்கீங்க, அண்ணாச்சி."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அது என் கட்டை இல்ல. உங்களுது" என்றாள். "ரெண்டு நிமிஷம் எங்கிட்ட இருந்துச்சு. திருப்பிக் குடுத்தாச்சு."

எழுந்தாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"லேன் இன்னும் காஞ்சிருக்கும். இன்னொரு பலகை தள்ளுங்க."

தணிகாசலம் இன்னொரு பலகை தள்ளி நின்றார். போட்டார். பத்தும் விழுந்தது. ஜெசிந்தா போட்டாள். பத்தும் விழுந்தது.

இரண்டாவது பந்து. பத்து. பத்து.

மூன்றாவது. பத்து. பத்து.

கீழ்த்தளத்துத் துணிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரித்த சேலையைத் தோளில் போட்டபடியே மேலே ஏறி வந்துவிட்டார்கள். சேலையைத் தேடிக் கடைக்காரர் வந்தார். அவரும் நின்றுவிட்டார்.

நாலாவது. ஐந்தாவது. இருவருக்கும் பத்துதான்.

தணிகாசலத்துக்கு இப்போது குருவும் நினைவில் இல்லை, கோப்பையும் நினைவில் இல்லை. மாசிலாமணி என்று ஒருவர் உலகத்தில் பிறந்திருந்ததே நினைவில் இல்லை. கையும் பந்தும் பலகையும் மட்டும் இருந்தன.

ஆறாவது பந்து. அவர் பத்தொன்பது வருஷத்தில் போட்ட பந்துகளிலேயே அதுதான் சிறந்தது. கையிலிருந்து பிரிந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓரம் வரை போயிற்று. திரும்பியது. புகுந்தது. கட்டைகள் சிதறின. பின்வரிசையில் ஒன்று மட்டும், உள்ளே போகலாமா திரும்பிவிடலாமா என்று கல்யாண வீட்டு வாசலில் தயங்குகிற தூரத்துச் சொந்தம் மாதிரி ஆடியது. ஆடி, நின்றுவிட்டது.

ஒன்பது.

ஜெசிந்தா போட்டாள்.

பத்து.

எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவை ஜெயித்த பிறகும் அவள் செய்கிற காரியம் ஒன்றுதான். தலையைச் சற்றே ஆட்டுவாள், உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பாள். அன்றைக்குக் கோட்டருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் நனைந்திருந்தது.

எழுந்து வந்து தணிகாசலத்தின் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிடித்ததை விடாமல் குலுக்கினாள்.

தோற்றவருக்குத் துக்கம் வர வேண்டும். வரும் என்று தணிகாசலமும் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். நெஞ்சுக்குள் வேறு என்னவோதான் ஏறிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் கேட்டார்.

"குருவே, அந்த மூலைக் கட்டையை அப்பவே தட்டியிருந்தா கப்பு உங்களுது. இப்பவும் உங்களுதுதான். நடுவுல எதுக்கு இந்த ஆறு பந்து?"

ஜெசிந்தா பையிலிருந்து போனை எடுத்தாள். தூத்துக்குடிக்குப் போட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்தில் நின்ற தணிகாசலத்துக்கும் நன்றாகக் கேட்டது.

"என்னட்டி?"

"அம்மா, ஜெயிச்சுட்டேன்."

"எல்லா வருஷமும் ஜெயிக்கத்தானே செய்யுத. அதுக்கா போனு? அடுப்புல மீன் கெடக்கு."

"யாரைன்னு கேளும்மா."

"யாரை?"

ஜெசிந்தா திரும்பிச் சிஷ்யரைப் பார்த்தாள்.

"தணிகாசலத்தை" என்றாள்.