செல்லாத கோல்

கப்பல்கள் வந்து நிற்கும் ஓர் ஊரில் துறைமுகக் கழகம் என்று ஒரு கால்பந்து அணி இருந்தது. அதன் ரசிகர்களுக்கு மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஓர் அறை. அந்த அறையில் மூவர் குடியிருந்தார்கள்: கோப்பை, கொடி, டிரம். மூவரும் பேசுவார்கள். ஆட்கள் பதில் சொல்வதும் உண்டு. ஊரில் யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை.

அந்த வாரம் மூவருக்கும் நிம்மதி இல்லை. தீர்ப்பு வரவேண்டியிருந்தது.

லீக்கில் ஒரு விதி உண்டு. எந்த அணியும் ஆட்டக்காரருக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. பெரிய கையும் சின்னக் கையும் ஒரே மைதானத்தில் நின்று ஆடுவதற்காகப் போட்ட விதி. துறைமுகக் கழகத்தின் முதலாளி, ஒரு கப்பல் ஏஜெண்ட், அந்த விதியை மீறிவிட்டார் என்பது புகார். டென்சில் என்ற ஆட்டக்காரனைத் தன் குடோனில் சூப்பர்வைசர் என்று எழுதி, அங்கிருந்து இன்னொரு சம்பளம் கொடுத்தாராம். மூன்று வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டத்தில் உப்பளத்து அணியை வென்ற ஒரே கோல் டென்சில் அடித்தது. அந்தக் கோலில் வந்ததுதான் கோப்பை.

"பொறாமை," என்றது கொடி. "உப்பளத்துக்காரர்களுக்குத் தோல்வி இன்னும் செரிக்கவில்லை. என்னைப் பாருங்கள். ஒரு கறை உண்டா?"

கொடியைத் தைத்தவள் பிலோமி. ஐஸ் பேக்டரியில் பில் போடுகிறவள். திங்கட்கிழமையிலிருந்து வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுகிறாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்ப்பாள்.

"நாம என்னண்ணே தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள். "டிக்கெட் எடுத்தோம். கத்துனோம். தொண்டை கட்டிப்போய் ரெண்டு நாள் லீவு போட்டேன். அது குத்தமா?"

கேட்டது மச்சாதுவிடம். டிரம் அடிக்கிறவர் அவர்தான். பதினெட்டு வருஷமாக அந்த முதலாளியின் குடோனில் லோடு இறக்குகிறார். மச்சாது அவளைப் பார்க்காமல் சட்டைப் பையைத் துழாவினார். டிரம்மின் பக்கமும் திரும்பவில்லை.

பிலோமி டீ வாங்கப் போன நேரத்தில் டிரம் கேட்டது: "மூன்று நாளாக என்னைத் தொடவில்லை. என்ன கோபம்?"

"கோவம் ஒண்ணும் இல்ல."

"தீர்ப்பு எப்படி வந்தாலும் என்னை அடிக்கத்தான் போகிறீர்கள். ஜெயித்தால் சந்தோஷத்தில், தோற்றால் ஆத்திரத்தில். எனக்கு அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள்."

மச்சாது வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"குடோன் வருகைப் பதிவு இருக்குல்லா, அதுல என் பேருக்கு ரெண்டு பேரு கீழ டென்சில் பேரு. மாசம் பூரா கையெழுத்து. அவன் ஒருநாள் கூட குடோனுக்குள்ள கால் வச்சதில்ல. நான் பாத்தேன். பாத்துட்டு சிரிச்சேன்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"ஜெயிச்சிக்கிட்டு இருந்தோம்லா."

கேட்டுக்கொண்டிருந்த கொடிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி அலமாரியின் பக்கம் திரும்பிச் சீறியது: "கோப்பையே, நீ சொல். நீ எங்களுடையதா, இல்லையா?"

"உங்கள் பெயரை என்மேல் பொறித்தார்கள். பொறிக்கும்போது வலித்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்," என்றது கோப்பை.

புதன்கிழமை மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்தது. அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பிலோமி போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். விதியை மீறியது உண்மை. டென்சில் ஆடிய ஆட்டங்கள் செல்லாது. அவன் அடித்த கோல்கள் செல்லாது. கோப்பை உப்பளத்து அணிக்குச் சேரும். துறைமுகக் கழகம் வரும் வருஷத்திலிருந்து கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும்.

வாசித்து முடித்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தார். "மத்தவன்லாம் யோக்கியனா?" என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். யாருக்கு என்று தெரியாமல் கத்திவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

"மேல்முறையீடு செய்வோம்," என்றது கொடி.

கோப்பையைக் கூரியரில் அனுப்பிவிடுவதாக முதலாளியின் ஆபீசிலிருந்து மறுநாள் போன் வந்தது.

"கூரியர் வேண்டாம். நான் கொண்டு போறேன்," என்றார் மச்சாது.

"அண்ணே, அங்க போனா அடிப்பாங்க," என்றாள் பிலோமி.

"அடிக்கட்டும்."

"எதுக்குண்ணே? தப்பு பண்ணது முதலாளி."

மச்சாது அவளிடமும் அந்தப் பதிவைப் பற்றிச் சொன்னார். பிலோமி திட்டவில்லை. கோப்பையை எடுத்துத் தன் துப்பட்டாவில் சுற்றிக் கொடுத்தாள். அதன்பிறகு, "எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் நானும் சொல்லியிருக்க மாட்டேன்ணே," என்றாள்.

கொடி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. டிரம் மட்டும், "நானும் வருகிறேன். கோப்பையை வென்ற அன்றைக்கு அதிகம் சத்தம் போட்டவன் நான்," என்றது. மச்சாது கோப்பையை மடியிலும் டிரம்மைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஒரு லோடு ஆட்டோவில் ஏறினார்.

உப்பளத்து அணியின் இடம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உப்புக் குவியல்களுக்கு நடுவே நின்றது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. அணியின் செயலாளர் இசக்கிராஜ், "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த இறுதி ஆட்டத்தில் அவர்தான் கேப்டன்.

மச்சாது உட்காரவில்லை. நின்றபடியே தான் பார்த்ததையும் சிரித்ததையும் சொன்னார். "முதலாளி செஞ்சது தனி. நான் வாயத் தொறக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்." சொல்லிவிட்டுக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

யாரோ கைதட்டினார்கள். ஒருவர் மூலையில் கிடந்த எண்ணெய் டின்னைத் தூக்கி வந்தார். உப்பளத்து ரசிகர்களுக்கு அதுதான் டிரம். நாலைந்து தட்டு தட்டினார்கள். ஒருவர் ஆடப் பார்த்தார். யாரும் சேரவில்லை. சத்தம் தானாகவே நின்றுபோனது.

"ஏன் நிறுத்திவிட்டார்கள்?" என்று டிரம் மெதுவாகக் கேட்டது.

"அந்த இறுதி ஆட்டத்தன்று அடிப்பதற்கென்று என்னைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்," என்றது டின். "எட்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். இன்று பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. கோப்பையைக் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்தச் சாயங்காலத்தை எப்படிக் கொண்டுவருவது?"

மச்சாது சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க கோலி எங்க? உயரமா ஒரு தம்பி. அன்னைக்கு எட்டுப் பந்து தடுத்தானே."

சுவரில் ஓர் ஆணியில் ஒரு ஜோடிக் கையுறை தொங்கியது. பதில் அங்கிருந்து வந்தது.

"பேச்சிமணி இங்கே இல்லை. கடைசிப் பந்து எங்கள் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்று இந்தக் கொட்டகையில்தான் சொன்னார்கள். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு எங்களைக் கழற்றி மாட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான்."

"சொன்னது யாரு?" என்றார் மச்சாது.

"எல்லாரும்," என்றார் இசக்கிராஜ். "நாந்தான் மொதல்ல சொன்னேன்."

அவர் போனை எடுத்தார். மூன்று வருஷத்தில் கூப்பிட்டதில்லை. எண் மட்டும் அப்படியே இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். மறுமுனையில் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது.

"பேச்சி, நான் இசக்கி பேசுதேன்."

"சொல்லுங்கண்ணே."

"கப்பு நமக்கு வந்துட்டுல. தீர்ப்பு ஆயிட்டு. அந்தக் கோலு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. நீ விட்டது கோலே இல்ல, பேச்சி. கேக்குதா?"

கொட்டகையில் இருந்தவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நொடியில் எல்லோரும் நம்பினார்கள்.

"கேக்குதுண்ணே," என்றான் பேச்சிமணி. குரலில் கோபம் இல்லை. "கோலு செல்லாது, சரி. நீங்க என்னைச் சொன்னீங்கள்லா, அது செல்லுமா, செல்லாதா? அதுக்கு யாருண்ணே தீர்ப்பு சொல்லணும்?"

இசக்கிராஜ் மச்சாதுவைப் பார்த்தார். மச்சாது தலையைக் குனிந்துகொண்டார். இசக்கிராஜ் கோப்பையைப் பார்த்தார். பின் மற்றவர்களைப் பார்த்தார்.

ஆணியில் தொங்கிய கையுறை ஜோடி சொன்னது: "அவன் உங்களைத்தான் கேட்கிறான்."