மிச்சச் செம்பு

டக்கென்று, செம்புப் பலகையைச் செதுக்கும் பிட்டின் முனை ஒடிந்து எங்கோ தெறித்தது. இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாமல், மொட்டைக் கம்பியோடு பலகையின் மேல் அக்கறையாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. தின்றுகொண்டிருந்த தோசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லிங்கதுரை சிவப்புப் பொத்தானை அழுத்தினார். காலையிலிருந்து இது மூன்றாவது பிட்.

அவர் தூத்துக்குடியில் மெஸ் நடத்துகிறவர். ஐம்பது தாண்டி எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த சீடர். குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. வீட்டிலேயே சர்க்யூட் பலகை வெட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குத் தன் மாடி அறையில் சொல்லிக்கொடுக்கிறாள். படம் வரையும் மென்பொருள், வெட்டுப்பாதை போடும் மென்பொருள் எல்லாமே இலவசம். உலகத்தில் யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டவை. பிட் மட்டும் அப்படி இல்லை.

லிங்கதுரையின் பலகைக்கு ஒரே வேலைதான். ஹாலில் இடியாப்பப் பொத்தானை அழுத்தினால் அடுக்களையில் இடியாப்ப விளக்கு எரியவேண்டும். இதுவரை அந்த வேலையைச் செய்துவந்தது அவருடைய தங்கை கணவர் செந்தூர்பாண்டி. அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இடியாப்பம் கேட்டால் உள்ளே ஆப்பம் என்று கத்துவார். பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு அவர் காலைத் தாண்டிப் போவார்கள். வீட்டு மாப்பிள்ளையிடம் காலை மடக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"இது மட்டும் ஓடட்டும் டீச்சர். வெள்ளிக்கிழமையே சொல்லிருவேன். மாப்பிள்ள, இனிமே நீங்க வீட்லயே இருங்கன்னு."

"தங்கச்சி?"

"அழுவா."

"எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் மென்பொருள்ல காட்டாது டீச்சர்."

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள்.

"பலகைக்குக் காட்டுதே. ஏழு மணி நேரம். நாலு விளக்கு எரியவா?"

"கரண்டு போற தடம் போக மிச்சம் இருக்கிற காப்பரை எல்லாம் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒரு பொட்டு விடக்கூடாது. சுத்தமா இருக்கணும்லா?"

"அது உங்களை என்ன பண்ணுச்சு?"

"எது?"

"மிச்ச காப்பர்."

"ஒண்ணும் பண்ணலை டீச்சர். அதைத்தான் சொல்லுதேன். ஒரு வேலையும் பாக்காம, பளபளன்னு, இடத்தை அடைச்சிக்கிட்டு." அவருக்கு மூச்சு வாங்கியது.

ஜெசிந்தா ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். திரையை நிறைத்திருந்த கோடுகள் மறைந்தன. ஒவ்வொரு தடத்தையும் சுற்றி முடி கனத்துக்கு ஒரு வெட்டு மட்டும் மிஞ்சியது. புது பிட்டை மாட்டி இயந்திரத்தை ஓடவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து லிங்கதுரையின் போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, அவுக சாப்பிட்டாவளா?"

"ரெண்டு தரம்."

"ஒழுங்கா இருக்காவளா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டு வைத்தாள். போனைப் பைக்குள் போடும்போது இயந்திரம் நின்றிருந்தது.

பலகையை எடுத்துப் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதே செம்புத் தகடு, அங்கங்கே மெல்லிய கீறல்கள்.

"வெட்டுன மாதிரியே இல்லையே டீச்சர். பூனை பிராண்டுன மாதிரி இருக்கு. எல்லாம் அப்படியேல்லா உக்காந்திருக்கு!"

அவள் மீட்டரைக் கொடுத்தாள். தொடர்பு இருந்தால் கத்தும், இல்லாவிட்டால் கத்தாது. ஒரே தடத்தின் இரு முனைகளிலும் மீட்டரின் கம்பிகளை வைத்தார். பீப் என்றது. ஒன்றைத் தடத்திலும் மற்றதைப் பக்கத்துச் செம்பிலும் வைத்தார். சத்தமில்லை. வேறு இடத்தில் வைத்தார். அழுத்தி வைத்தார். திருடனைப் பிடிக்கிறவர் போலத் திடீரென்று வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி தீந்துட்டோ?"

அவள் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாள். பீப்.

"அடுத்தாப்லயே இருக்கே டீச்சர். முடியளவு இடைவெளிதான். எடுக்க வேண்டாமா?"

"எதுக்கு? தொடலைல்லா."

லிங்கதுரை பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். அடுக்களைச் சுவரில் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. செந்தூர்பாண்டி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தலையை உள்ளே திருப்பி, ஒவ்வொரு விளக்குக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆப்பம்!"

உள்ளே மாஸ்டர் விளக்கைப் பார்த்து இடியாப்பத்தை எடுத்துவைத்தார்.

"விளக்கு ஜோரா எரியுது மச்சான்," என்றார் செந்தூர்பாண்டி. "ஆனா கூட ஒரு ஆள் சொல்லணும். என்ன சொல்லுதிய?"

லிங்கதுரை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சாம்பார் வாளி ஒன்று அந்தக் கால்களைத் தாண்டிப் போயிற்று.

"செத்த எந்திரிங்க மாப்பிள்ள."

செந்தூர்பாண்டி எழுந்தார். லிங்கதுரை நாற்காலியைத் தூக்கி, வாசலை விட்டு ஒரு சாண் தள்ளி, காலை நீட்டினாலும் வழியைத் தொடாதபடி சுவரோரமாகப் போட்டார். உட்காரும் இடத்தைத் தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.