வெள்ளிக்கோல் தொட்ட இடம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜாவுக்குத் தம் பட்டணம் முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. சபா மண்டபத்தின் தரையில் வண்ணச் சாந்து பூசிப் பட்டணத்தைப் படமாக எழுதச் சொன்னார். தெருக்கள் வெள்ளை, தோப்புகள் பச்சை, குளமும் ஓடையும் நீலம். படம் முடிந்ததும் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு கட்டளை போட்டார். கிணறு வெட்டுவதோ, சாக்கடை போடுவதோ, சத்திரம் கட்டுவதோ, ஊருக்குப் பொதுவான எந்த வேலையானாலும் இனிப் பிரதானி வெள்ளிக்கோலால் படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சபையார் சம்மதம் சொல்ல வேண்டும். கோல் தொட்ட இடத்தில்தான் வேலை நடக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோலின் நுனி நெல்லிக்காய்ப் பருமன். அதைப் படத்தில் வைத்தால் பாதித் தெரு மறைந்துவிடும். இப்படித்தான் ஒரு சாக்கடை எண்ணெய்ச் செட்டியார் வீட்டுப் பூஜை அறை வழியாகப் போயிற்று. ஒரு தண்ணீர்ப் பந்தல் குளத்துக்கு நட்டநடுவே நின்றது. நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் போய்த் தாகம் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சபையில் விகடராக இருந்தவர் சாத்தப்பன். அவருடைய மனைவி வடிவு பிறந்தது பட்டணத்தின் கிழக்கோரத்தில், ஓடைக்கு அக்கரையில் இருந்த சுண்ணாம்புக்காரத் தெருவில். மழை பிடித்தால் ஓடையில் கழுத்தளவு தண்ணீர் போகும், தெரு தீவாகிவிடும். அந்த வருஷம் வடிவின் தங்கை நாச்சிக்கு நிறைமாதம். மருத்துவச்சி இருந்ததோ இக்கரையில்.

“ராஜாவைச் சிரிக்க வைக்கிறீங்க, சரி. ஒரு பாலம் போட வைக்க முடியலையே. மேகம் இறங்கிட்டா என் தங்கச்சி என்ன செய்வா? புள்ளைகிட்ட, தண்ணி வடியற வரைக்கும் உள்ளேயே இருடான்னு சொல்லுவாளா?” என்றாள் வடிவு.

ஊரில் யார் கேட்டாலும் சாத்தப்பனிடம் பதில் இருக்கும். வடிவு கேட்டால் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிடுவார்.

மறுநாள் சபையில் பாலம் கேட்டார். பிரதானி ஆவுடையாருக்கு விகடரைக் கண்டாலே ஆகாது. தாம் பேசும்போது கொட்டாவி விடுகிற ராஜா, சாத்தப்பன் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறாரே என்ற வயிற்றெரிச்சல். வெள்ளிக்கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து படத்தின் கிழக்கோரத்தைப் பார்த்தார். அங்கே ஓடையே இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. வாசலில் இருந்த கல்தொட்டித் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் யாரும் சபைக்குள் வரலாம் என்பது அங்கே வழக்கம். படத்தின் கிழக்கோரம் வாசற்படியை ஒட்டியிருந்தது. வருஷக் கணக்காகச் சபையாரின் ஈரக்கால்கள் மிதித்து மிதித்து ஓடையைத் தேய்த்துவிட்டன. போதாததற்குத் தரையே அந்த இடத்தில் குழிந்துபோயிருந்தது. சாத்தப்பன் இதைத்தான் எடுத்துச் சொன்னார்.

“மகாராஜா எழுதுவித்த படம் பொய் சொல்கிறது என்கிறாரா விகடர்?” என்று கேட்டார் பிரதானி, ரொம்பவும் மெதுவாக.

ராஜாவின் மீசை துடித்தது.

“படம் பொய் சொல்லவில்லை மகாராஜா. சொல்ல வந்ததை நாம்தான் மிதித்துவிட்டோம்” என்றார் சாத்தப்பன். அன்றைக்கு ராஜா சிரிக்கவில்லை.

பிரதானி அதைக் கவனித்துக்கொண்டார். கோலை நீட்டிக் குழிவின் நடுவே தொட்டார். பின்னால் யாரும் மாற்றிப் பேசாதிருக்க, தொட்ட இடத்தில் சந்தனத்தால் ஒரு பொட்டும் வைத்தார்.

“விகடருக்குப் பாலம் வேண்டுமாம், தருவோம். கோல் தொட்ட இடத்தில், ஒரு விரற்கடைகூடப் பிசகாமல், அடுத்த சபை கூடும்போது பாலம் நிற்க வேண்டும். அதன் கீழே ஓடையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் இந்தப் பட்டணத்தை விட்டே போய்விட வேண்டும்.”

சபையார் ஒரே குரலில் சம்மதம் சொன்னார்கள். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

சாத்தப்பனுக்குச் சூது புரிந்தது. ஓடையில் எங்கே கட்டினாலும் பிரதானியின் ஆட்கள் கயிறு பிடித்து அளந்து, கோல் தொட்டது இங்கே இல்லை என்பார்கள். சந்தைப் பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல்லை அப்படிச் சொல்லித்தான் பிடுங்கிப் போட்டார்கள். அவர் சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே ஒரு வரம் கேட்டார். பொட்டு வைத்த இடத்தில் நடக்கும் வேலையை யாரும் தடுக்கக் கூடாது; கட்டியதைச் சபை கூடிச் சம்மதிக்காமல் யாரும் அகற்றவும் கூடாது. ராஜா கொடுத்தார். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவர் பிரதானிதான்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் வடிவு பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். எந்த ஊருக்குப் போகிறோம் என்றாவது சொன்னால் அதற்கேற்ற சட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சாத்தப்பனோ, அவள் தெருக்காரர்களைப் பனஞ்சட்டமும் கயிறும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஓடையின் அகலத்துக்குச் சட்டத்தை அறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“எங்கே வரணும், ஓடைக்கா?”

“அரண்மனைக்கு.”

வடிவு கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

சபைக்கு முந்தின இரவு அவர்கள் வந்தபோது வாசற்காவலன் முதலில் மறித்தான். ராஜா கொடுத்த வரத்தைச் சொன்னதும் யோசித்தான். யோசித்துவிட்டு, ஒரு சட்டத்தின் முனையைத் தானும் ஒரு கை பிடித்தான்.

சபை நாள் விடிந்தபோதே வானம் கறுத்திருந்தது. பிரதானி முதலில் ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே பாலமும் இல்லை, அதைக் கட்ட முயன்ற அடையாளமும் இல்லை. ரொம்பக் குளிர்ந்த மனத்தோடு அரண்மனைக்கு வந்து, மற்றவர்களோடு வாசலில் நின்று காலைக் கழுவி, படியைத் தாண்டி உள்ளே வைத்தார். அந்தக் காலும் குளிர்ந்தது.

கல்தொட்டியின் அடைப்பை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். அடியில் கொஞ்சம் போக மீதித் தண்ணீரெல்லாம் சபையாரின் கால்கள் தேய்த்த குழிவில் ஓடி, சுவருக்குச் சுவர் கணுக்காலளவு நின்றது. அதன்மேல், வாசற்படியிலிருந்து சிம்மாசனத்துக்கு முன்புவரை, பச்சைப் பனைவாசனையோடு ஒரு பாலம். பொக்கிஷதார் தண்ணீரிலேயே நடந்து பார்க்கப் போய், பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிரதானி அங்கவஸ்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு வழியில்லாமல், பாலத்தில் ஏறினார்.

மறுமுனையில் சாத்தப்பன் உட்கார்ந்திருந்தார். “பார்த்து வாருங்கள் ஐயா. ஓடை இல்லாத இடம், கொஞ்சம் வழுக்கும்.”

உள்வாசல் வழியாக ராஜா வந்தார். சபா மண்டபம் இருந்த கோலத்தைக் கண்டு அப்படியே நின்றார். பிரதானி பாலத்தின் நடுவில் நின்றபடி முறையிட்டார். விகடர் ராஜசபையைச் சந்தைக்கடையாக்கிவிட்டார், இதற்குத் தண்டனை வேண்டும் என்றார்.

“கோல் தொட்ட இடம் இதுதானே ஐயா? ஒரு விரற்கடை பிசகியிருந்தால் சொல்லுங்கள், நான் இப்போதே புறப்படுகிறேன்” என்றார் சாத்தப்பன்.

பாலத்தின் நடுவே, நேர் கீழே, ஒரு கொட்டாங்கச்சி கவிழ்த்துச் சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருந்தது. ராஜா சொல்ல, காவலன் அதைப் பெயர்த்தெடுத்தான். சந்தனப் பொட்டு கலையாமல் இருந்தது.

“இது ஓடையா மகாராஜா? எங்கள் கால் கழுவின தண்ணீர்.” பிரதானியின் குரல் கீச்சிட்டது.

“தண்ணீரைப் பார்க்க வேண்டாம் மகாராஜா. தண்ணீருக்கு அடியில் பாருங்கள்.”

ராஜா குனிந்தார். காய்ந்த தரையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த சாந்து, ஊறியதும் பழைய நிறம் காட்டியது. சுவருக்குச் சுவர், வளைந்து வளைந்து, மெல்லிய நீலம். தாம் பக்கத்தில் நின்று எழுதச் சொன்ன ஓடை. ராஜா வெகுநேரம் நிமிரவில்லை.

பாலத்தை உடனே அகற்ற வேண்டும் என்றார் பிரதானி.

“அகற்றலாம்” என்றார் சாத்தப்பன். “சபை கூடிச் சம்மதிக்க வேண்டும். சபையார் எல்லாரும் அக்கரையில் நிற்கிறார்கள். சபை கூட வேண்டுமானால் பாலத்தில்தான் வர வேண்டும். நடுவில் ஐயா நிற்கிறார், யாருக்கும் வழி இல்லை.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ராஜாவின் தொப்பை முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், கடைசியில்தான் சத்தம் வந்தது. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாலத்தைக் கழற்றி இந்தக் கணமே ஓடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். சம்மதம் சொன்ன வாய்க்கு ஒரு சட்டம் வீதம் சுமக்க வேண்டும் என்றார். இனி எந்த வேலைக்கும் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே சபை கூட வேண்டும், வெயிலானாலும் மழையானாலும் என்றார். கனத்த சட்டம் பிரதானிக்குக் கிடைத்தது.

வெள்ளம் ஏறுவதற்கு முன் பாலம் ஏறிவிட்டது. அன்று மாலை மருத்துவச்சி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பாலம் ஆடுகிறது, கட்டினவனுக்குக் கையில்லையா என்று திட்டிக்கொண்டே அக்கரை போனாள். நாச்சிக்குப் பெண் பிறந்தது.

வெள்ளிக்கோல் இனிச் சபைக்கு வேண்டாம் என்று ராஜா அதைச் சாத்தப்பனுக்கே பரிசாகக் கொடுத்தார். வடிவு கையில் தூக்கிப் பார்த்தாள். நீளம் கூடுதல் என்றாள். தட்டானிடம் கொடுத்துப் பாதியாக வெட்டச் செய்து, குழந்தையின் தூளிக்குக் குறுக்குக் கம்பாகச் செருகிவிட்டாள்.

மழை விட்டதும் ராஜா பாலத்தின் மேல் தாமே நடந்து அந்தத் தெருவைப் பார்க்க வந்தார். தூளிக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தை தூக்கத்திலேயே கையை நீட்டிக் கோலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷத்தில் இப்போதுதான் இந்தக் கோல் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது” என்று சொல்லி, குழந்தை விழித்துக்கொள்ளும்படி சிரித்தார் ராஜா.