மயிலிறகும் அரிக்கும் கிழங்கும்

'ஒரு ஊரிலே' என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் ஊர் என்ற ஒன்றே உண்டாகாத காலம் அது. அரிசி இல்லை, அகப்பை இல்லை. மலையடிவாரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அதற்கு ஒரு தலைவன் இருந்தான். தலைவன் மட்டும் எந்தக் காலத்திலும் இல்லாமல் போவதில்லை. அவன் பெயர் கடுவன்.

அந்தக் கூட்டத்தில் அருமையான வழக்கம் ஒன்று உண்டு. காட்டில் புதிதாக எதையாவது தின்று பார்த்து, "நல்லது" என்று சொல்பவர் தலையில் மயிலிறகு சூட்டுவார்கள். "நல்லதில்லை" என்றால் இறகு கிடையாது, கேலிதான்.

ஆகவே அந்தக் காட்டில் கெட்ட பண்டமே இல்லாமல் போயிற்று.

ஒருவன் காயைத் தின்று பல் கூசி நின்றான். "தேன்" என்றான். இறகு. ஒருவன் பழத்தைத் தின்று, புதர் மறைவில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, "அமுது" என்றான். இறகு. ஒரு கிழவர் காளானைத் தின்று, "அருமை" என்று சொல்லிச் செத்தே போனார். சொல்லி முடித்துவிட்டாரே! இறகோடு புதைத்தார்கள். வயதாகிவிட்டது, பாவம் என்றார்கள். அதன்பின் அந்தக் காளானை ஏனோ யாரும் தொடவில்லை.

பிறகு மழை பொய்த்தது. தெரிந்த பழம் தீர்ந்தது, தெரிந்த கீரை காய்ந்தது, மெலிந்த ஓடையில் மீனும் தீர்ந்தது. மிஞ்சியது, மண்ணுக்கடியில் ஒரு கொடியின் கிழங்கு.

கடுவன் அதைப் பச்சையாகக் கடித்தான். தொண்டை எரிந்தது. கண்ணீர் வழிய, "தித்திப்பு!" என்றான்.

"தித்திப்புக்கு ஏன் அண்ணே அழறே?" என்றான் தம்பி பூதன்.

"ஆனந்தம்டா."

பூதன் சுட்டுத் தின்றான். அரித்தது. அண்ணனுக்குத் தித்தித்தது தனக்கு மட்டும் அரித்தால் மானம் என்ன ஆவது? "தித்திப்பு" என்றான். மைத்துனன் ஓரி, ஓடையில் விழுந்து கிடந்த துண்டை எடுத்துத் தின்றான். அவனுக்கும் கொஞ்சம் அரித்தது. அவனும் "தித்திப்பு" என்றான்.

மூன்று தலையிலும் இறகு ஏறியது. மூவரும் ஆளுக்கொரு மரத்தின் பின்னால் போய் நாக்கை வழித்தார்கள்.

செம்பி என்று ஒருத்தி. மடியில் பிள்ளை. தாய்க்கே தீனி இல்லாதபோது பால் எங்கே சுரக்கும்? பிள்ளை அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

"கிழங்கை மசிச்சு ஊட்டு தாயி. மூணு பேர் சொல்லியாச்சே" என்றான் கடுவன்.

செம்பி மசித்தாள். ஊட்டுமுன் தன் நாக்கில் துளி வைத்துப் பார்த்தாள். நாக்கு தடித்தது.

"அரிக்குது" என்றாள்.

கூட்டம் சிரித்தது. "தலைவர் நாக்கைவிட உன் நாக்கு ஒசத்தியோடி?" என்றாள் கடுவன் மனைவி.

"ஒசத்தியில்ல அக்கா. என் நாக்கே தடிக்குது. இந்தப் பிள்ளைத் தொண்டை எம்மாத்திரம்? அடைச்சுப்போகும்." செம்பி மசியலைக் கடுவனிடம் நீட்டினாள். "தித்திப்புன்னா, மாமா, உங்க கையாலேயே ஊட்டுங்க."

கடுவன் மசியலைப் பார்த்தான். பிள்ளையின் வாயைப் பார்த்தான். கை எழவில்லை.

"எனக்கும் அரிச்சுது" என்றான், எறும்புக்குக் கேட்கும் குரலில்.

"எனக்கும்தான்!" என்று துள்ளினான் பூதன். "சுட்டதாலே கொஞ்சம் தேவலை. நான் அழலையே!"

"எனக்கு அதைவிடக் கம்மி. தண்ணியிலே கெடந்த துண்டு" என்றான் ஓரி.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. செம்பி கிழங்கை மெல்லிசாகச் சீவி ஓடையில் போட்டாள். எடுத்துச் சுட்டாள். நாக்கில் வைத்துக் காத்திருந்தாள். "இன்னும் லேசா அரிக்குது" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறுபடி ஓடை, மறுபடி நெருப்பு. அரிப்பு நின்றது.

கிழங்கு தித்திக்கவில்லை. மண் மாதிரி இருந்தது. அதையும் அவள் அப்படியே சொன்னாள். பிள்ளை சப்புக்கொட்டித் தின்றது.

கடுவன் தன் இறகை அவளுக்குச் சூட்ட வந்தான். "வேணாம் மாமா, பிள்ளை கண்ணைக் குத்திடும்" என்றாள். வீணாக்குவானேன் என்று அவன் அதைக் காது குடைய வைத்துக்கொண்டான். இறகு பயன்பட்டது அன்றைக்குத்தான்.

தனக்கு நேர்ந்த கேட்டை வெட்கப்படாமல் சொல்பவரே பிறர் உயிரைக் காப்பவர்.